டிஃபன் உண்டு

டெக்சஸில், எங்கள் சொராரிட்டியின் ரிச்சர்ட்சன் சாப்டரில், அதாவது அந்த ஊர்க் கிளையில், அப்போது நாங்கள் ஐந்து பேர். அதில் இரண்டு பேர் மே மாதம் படிப்பு முடிந்து கிளம்பிவிடுவார்கள். மிச்சம் மூன்று. மூன்று பேரை வைத்துக்கொண்டு கேரம்கூட ஒழுங்காக ஆட முடியாது, சொராரிட்டி எப்படி நடத்துவது? இதையேதான் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மணி வீடியோ காலில் வந்து மிக இனிமையாகச் சொன்னார். இந்த செமஸ்டரில் புதிதாக நான்கு பேராவது சேர வேண்டும். இல்லையென்றால் சாப்டரை மூடிவிடுவார்களாம். அமெரிக்காவில் கெட்ட செய்தியை யாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வதில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டே கழுத்தை அறுப்பார்கள். "உங்களால் முடியும், கேர்ள்ஸ்!" என்று கையை ஆட்டிவிட்டு அவர் மறைந்தார். திரையில் எங்கள் ஐந்து பேர் முகம் மட்டும் மிச்சமிருந்தது. ஐந்தும் பார்க்கச் சகிக்கவில்லை.

சொராரிட்டி என்றால் கல்லூரிப் பெண்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் சங்கம். கிரேக்க எழுத்தில் பெயர் வைத்திருப்பார்கள். ஒருத்தியை ஒருத்தி சிஸ்டர் என்பார்கள். பெரிய சொராரிட்டிகளுக்குத் தூண் வைத்த பங்களா உண்டு, சமையல்காரர் உண்டு, சேருவதற்கு வரிசையில் நிற்கும் பெண்கள் உண்டு. எங்களுடையது தெற்காசியப் பெண்களுக்கென்று யாரோ புண்ணியவதிகள் ஆரம்பித்த சின்னச் சங்கம். எங்களுக்கு பங்களா கிடையாது. ஸ்டூடன்ட் யூனியன் கட்டடத்தில் ஒரு அலமாரி இருந்தது. அதன் சாவியையும் தொலைத்துவிட்டிருந்தோம்.

நான் அதில் சேர்ந்த கதை சின்னது. ஈரோட்டில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தவளை அப்பாவின் வேலை இங்கே கொண்டுவந்து போட்டது. ஹைஸ்கூலில் எனக்கு யாருமில்லை. கல்லூரி முதல் வருடம் கால்குலஸ் வகுப்பில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு குஜராத்திப் பெண் என் டப்பாவை எட்டிப் பார்த்து, அது என்ன மஞ்சளாக என்று கேட்டாள். எலுமிச்சைச் சாதம் என்றேன். பாதிக்குமேல் அவளே தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வா என் சிஸ்டர்களைக் காட்டுகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான். நான் சொல்லும் இந்தக் காலத்தில் அவள்தான் எங்கள் பிரசிடென்ட்.

வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "சொராரிட்டின்னா, குடிச்சுப்போட்டு நீச்சல் குளத்துல குதிப்பாங்களே, டிவில காட்டுவானே, அதுதான?" என்றாள். நாங்கள் அலமாரிக்குச் சாவியில்லாத சொராரிட்டி, எங்களுக்கேது நீச்சல் குளம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு தானாகவே பேச ஆரம்பித்தாள். ஏன் மனம் மாறினாள் என்று நான் கேட்கவில்லை. திட்டு நின்றால் போதுமென்று இருந்துவிட்டேன்.

ஆள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததற்குக் காரணம் என் வாய். அந்த வீடியோ கால் முடிந்ததும், நான்கு பேர் என்ன நான்கு பேர், நாற்பது பேரைச் சேர்த்துக் காட்டுகிறேன் என்று கோபத்தில் கத்திவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் எண்ணிக்கை தெரியாது. மற்ற நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், கையைத் தூக்கினார்கள், தீர்மானம் நிறைவேறியது.

டெக்சஸ் ஆகஸ்ட் வெயில் எப்படி இருக்கும் என்று ஈரோட்டுக்காரிக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஆனால் ஈரோட்டில் அந்த வெயிலில் டேபிள் போட்டு, பேனர் கட்டி, வருகிறவள் போகிறவளையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் நின்றோம். மிட்டாய்க் கிண்ணம் வைத்தோம். பக்கத்து டேபிள் பெரிய சொராரிட்டிக்காரர்கள் பாட்டுப் போட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள், அங்கே கூட்டமோ கூட்டம். இங்கே நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் வந்த இந்தியப் பெண்கள் மிட்டாயை எடுப்பார்கள், இனிமையாகப் பேசுவார்கள், பேப்பரை வாங்கிக்கொள்வார்கள், கடைசியில் எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள்.

"சவுண்ட்ஸ் ஃபன்! அம்மாவைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

இதுதான் எங்கள் கேம்பஸின் சங்கடம். பாதிப் பேர் ஹாஸ்டலில் இல்லை. வீட்டிலிருந்தே வருகிறார்கள். காலையில் ஃப்ரீவே பிடித்து வந்து, வகுப்பு முடிந்ததும் ஃப்ரீவே பிடித்துப் போய்விடுவார்கள். பதினெட்டு வயசு ஆகியிருக்கும், ஓட்டுப் போடலாம், ராணுவத்தில்கூடச் சேரலாம். சொராரிட்டியில் சேர அம்மாவைக் கேட்க வேண்டும். கேட்டால் அந்த அம்மாவும் என் அம்மா பார்த்த அதே டிவியைத்தான் பார்த்திருப்பாள்.

ஒருத்தி மட்டும் வேறு மாதிரி. பயாலஜி படிக்கிற முதல் வருடப் பெண், தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்தவள். மிட்டாய் எடுக்கவில்லை. பேனரைப் படித்துவிட்டுச் சற்றுத் தள்ளியே நின்றாள். நான் வழக்கமான பாட்டைப் பாடினேன்: சேவை, படிப்பு, வேலை வாய்ப்பு, வாழ்நாள் முழுக்க நட்பு. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "மத்தியானம் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவீர்களா?"

"சில நாள்," என்று சொல்லிவிட்டு மறுபடியும் வேலை வாய்ப்புக்குப் போனேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இதுவும் தேறாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஸ்டூடன்ட் யூனியனில் அறிமுகக் கூட்டம் வைத்திருந்தோம். அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் வீட்டில் புலம்பியது கொஞ்சநஞ்சமல்ல. யாருமே வர மாட்டார்கள், சாப்டரை இழுத்து மூடிவிடுவார்கள், என் மானம் போய்விடும் என்று சாப்பிடும்போதும் புலம்பல், பாத்திரம் தேய்க்கும்போதும் புலம்பல். கூட்டத்துக்கான அறிவிப்பை நான்தான் அழகாக டிசைன் செய்து ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தேன். அம்மா அதைப் படித்தாள். "ஏங்கண்ணு, இதுல திங்கறதுக்கு ஒண்ணும் போடலியே? பசியோட வருவாங்களா?" என்றாள். பீட்ஸா சொல்லியிருக்கிறோம், நீ பேசாமல் இரு என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா பேசாமல்தான் இருந்தாள். அந்த அறிவிப்பைப் போனில் படம் பிடித்தாள். எங்கள் பக்கத்துத் தமிழ் அம்மாக்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. கறிவேப்பிலைச் செடி யாரிடம் இருக்கிறது என்பதிலிருந்து எந்தப் பல் டாக்டர் நல்லவர் என்பது வரை அதில்தான் ஓடும். அதில் படத்தைப் போட்டுக் கீழே தன் கொங்குத் தமிழில் எழுதியிருக்கிறாள்: "பெண்கள் சங்கம். ஞாயிறு மூன்று மணி. என்ற பொண்ணு நடத்துறா. எல்லாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாங்க. டிஃபன் உண்டு."

இது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே போனைப் பிடுங்கி மீன் தொட்டியில் போட்டிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அறையைத் தயார் செய்தோம். புரொஜெக்டர் வைத்தோம். பிரசிடென்ட் கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். மூன்று மணிக்குக் கதவு திறந்தது. சுடிதாரில் ஒரு ஆன்ட்டி. அறை மாறி வந்துவிட்டார் என்று நினைத்து வழி சொல்லப் போனேன். "இதானேம்மா பெண்கள் சங்கம்? மூணு மணின்னு போட்டிருந்துதே," என்றபடி முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். பின்னாலேயே இன்னொருவர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர், ஒரே காரில் வந்திருந்தார்கள். ஆன்ட்டிகள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு ஆன்ட்டிக்கும் பத்தடி தள்ளி, இந்தப் பெண்மணியை நான் ஜென்மத்தில் பார்த்ததில்லை என்கிற முகத்தோடு ஒரு மகள். அம்மாக்கள் முன் வரிசையில், மகள்கள் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக. கடைசி வரிசை மூலையில் அந்த பயாலஜிப் பெண்ணும் இருந்தாள்.

பிரசிடென்ட் என் காதருகே வந்து, இவர்கள் எல்லாம் யார் என்றாள். அம்மாக்கள் என்றேன். யாருடைய அம்மாக்கள் என்றாள். எங்கள் கையேட்டில் பையன்களைப் பற்றி விதி இருக்கிறது, மதுவைப் பற்றி விதி இருக்கிறது, அம்மாக்களைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்போதுதான் என் அம்மா வந்தாள். ஒரு கையில் ஹாட் பாக்ஸ், இன்னொரு கையில் சாம்பார்த் தூக்கு. பின்னால் அப்பா சட்னி டப்பாக்களை ஏந்திக்கொண்டு, கைதிபோல வந்தார்.

அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னம்மா இது? நான் என்ன இங்க மாரியம்மன் பண்டிகையா நடத்துறேன்? இது காலேஜ்மா! ரெக்ரூட்மென்ட்! எல்லாரும் சிரிக்கிறாங்க!"

"யாரும் சிரிக்கல. உக்காந்துதான் இருக்காங்க," என்றாள் அம்மா நிதானமாக. "ஆளு வரல, ஆளு வரலன்னு ஒரு வாரமா உசுர வாங்கினியே. வந்தாச்சல்லோ. போய்ப் பேசு. சாம்பார் ஆறிப்போகும்."

அப்பாவைப் பார்த்தேன். அவர் சட்னியைப் பார்த்தார்.

பிரசிடென்ட் பாவம், ஸ்லைடுகளை ஓட்ட ஆரம்பித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சபை யாருடையது என்று தெரிந்துவிட்டது, முன் வரிசையைப் பார்த்தே பேசினாள். மூன்றாவது ஸ்லைடிலேயே கேள்விகள் வந்துவிட்டன. மீட்டிங் எத்தனை மணிக்கு முடியும்? வீட்டை விட்டு வெளியே தங்க வேண்டுமா? மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணும்போது இது கணக்கில் வருமா? பசங்க வருவாங்களா? வந்தால் எதுக்கு வர்றாங்க? கடைசி வரிசையில் மகள்கள் நாற்காலிக்குள்ளேயே சரிந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி துப்பட்டாவை எடுத்து முகத்தையே மூடிக்கொண்டாள்.

முன் வரிசை ஓரத்தில் கண்ணாடி போட்ட ஒரு ஆன்ட்டி அதுவரை வாயே திறக்கவில்லை. மிகக் கறாரான முகம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் பயாலஜிப் பெண்ணின் அம்மா என்று இருவருக்கும் ஒரே மாதிரி இருந்த மூக்கை வைத்துக் கண்டுபிடித்தேன். எல்லாரும் கேட்டு முடித்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"ராகிங் உண்டா?"

பிரசிடென்ட் அதற்கென்றே வைத்திருந்த ஸ்லைடைப் போட்டு, எங்கள் கொள்கையை வரிவரியாக ஆங்கிலத்தில் விளக்கினாள். ஆன்ட்டி அவள் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தார்.

"பாலிசி இருக்கட்டும்மா. எல்லா எடத்துலயும் பாலிசி இருக்கு. நீ சொல்லு. நடக்குமா, நடக்காதா?"

"நடக்காது ஆன்ட்டி," என்றேன். "நாங்க இருக்கறதே அஞ்சு பேர். யாரையாவது ராகிங் பண்ணி அவளும் ஓடிட்டா, அப்புறம் எங்க அலமாரியைத் தூக்கக்கூட ஆள் இருக்காது."

இரண்டு மூன்று ஆன்ட்டிகள் சிரித்துவிட்டார்கள். கண்ணாடி ஆன்ட்டி சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, ஓரத்தில் இட்லித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த என் அம்மாவிடம் கேட்டார்.

"நீங்க எப்படிங்க விட்டீங்க? உங்க பொண்ணை?"

என் அம்மா மேடைப் பேச்சாளர் அல்ல. இரண்டு வார்த்தை ஆங்கிலத்தில் பேசவே அப்பாவை முன்னால் தள்ளிவிடுகிறவள். நீச்சல் குளக் கதையை ஆரம்பித்துவிடுவாளோ என்று நடுங்கினேன். அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நானெங்கீங்க விட்டேன்? அவளாப் போய்ச் சேந்துபோட்டு வந்து சொன்னா. ரெண்டு நாள் நான் பேசவே இல்லைங்க." என்னைக் கைகாட்டினாள். "இவ பத்தாவதுல இங்க வந்தாளுங்க. தெனமும் வெள்ளன எந்திரிச்சு டப்பா கட்டிக் குடுப்பேன். எலுமிச்சஞ் சாதம், தக்காளிச் சாதம்னு இவளுக்குப் புடிச்சதாப் பாத்துத்தான் கட்டுவேன். சாயந்திரம் அப்படியே திரும்பி வரும். மூடியைக்கூடத் தெறந்திருக்க மாட்டா. கேட்டா 'பசிக்கலம்மா'ம்பா. ஒடம்புக்கு ஏதோன்னு டாக்டர்கிட்டக் காட்டினேன். சத்து மாத்திரை வாங்கிக் குடுத்தேன். ஒண்ணும் ஆகல. அப்புறந்தான் எனக்குப் பிடிபட்டுச்சு. பசியில்லாம இல்லைங்க. பக்கத்துல உக்கார ஆளில்ல."

கடைசி வரிசையில் துப்பட்டா முகத்திலிருந்து இறங்கியிருந்தது.

"அதை எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க. நான் போயி கிளாஸ்ல பக்கத்துல உக்கார முடியுமா? அப்புறம் காலேஜ் வந்தா. இதோ, இந்தப் புள்ளைங்களோட சேந்தா. ரெண்டு நாள் நான் பேசாம இருந்தேன்னேனில்ல, அந்த ரெண்டு நாளும் டப்பா காலியா வந்துச்சுங்க. எம்மேல இருந்த கோவத்துல குப்பையில கொட்டிப்போட்டான்னு நெனச்சேன். மூணாம் நாளு இவளே வந்து சொல்றா: 'அம்மா, நாளைக்குக் கொஞ்சம் சேத்துக் கட்டு, பத்தல'ன்னு." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அன்னிக்குத்தான் விட்டேனுங்க."

நான்கு வருடமாக எனக்கு மட்டுமே தெரியும் என்று நான் நினைத்திருந்த விஷயம் அது. ஹைஸ்கூலில் மத்தியானம் நூலகத்தில் புத்தக அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். அங்கே சாப்பிடக் கூடாது என்பதால் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. அம்மா என்னை வாய்க்கு ருசி பார்க்கிற அடங்காப்பிடாரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றே நம்பியிருந்தேன். அடுத்தவர் முன்னால் அழுவது எனக்குப் பிடிக்காது. புரொஜெக்டர் வயர் கழன்றுவிட்டதுபோலக் குனிந்து, சுவர்ப் பக்கம் திரும்பி, நன்றாக அழுதேன். பிரசிடென்ட் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, உன் அம்மா என்ன சொன்னாள் என்று கிசுகிசுத்தாள். "எலுமிச்சைச் சாதம் நன்றாக இருந்ததாம்," என்றேன்.

கண்ணாடி ஆன்ட்டி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு டிஃபன். பீட்ஸாவை யாரும் சீண்டவில்லை. அம்மாக்கள் சாம்பாருக்கு என்ன பருப்பு என்று விசாரித்துக்கொண்டிருந்த நேரத்தில், கடைசி வரிசைக்காரிகள் தட்டோடு எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அம்மாக்கள் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் அவர்கள் பேச ஆரம்பித்த வேகம் இருக்கிறதே, அப்பாடா! பயாலஜிப் பெண் மட்டும் ஒரு இட்லியை வைத்துக்கொண்டு பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் எங்களுக்குப் பிடித்த பெண்களுக்கு முறைப்படி அழைப்பு அனுப்பினோம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவரவர் போனில் சம்மதம் தெரிவிக்க வேண்டும். அம்மா சொல்லிக் கூட்டத்துக்கு அழைத்து வரலாம், ஆனால் சம்மதத்தை அந்தப் பெண்தான் தர வேண்டும், அதில் யாரும் தலையிட முடியாது. மூன்று பேர் வியாழக்கிழமைக்குள் சம்மதித்துவிட்டார்கள். மற்றவர்கள் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். மிச்சமிருந்தது ஒரே ஒருத்தி, கண்ணாடி ஆன்ட்டியின் மகள். பதில் இல்லை.

புதன்கிழமையே கண்ணாடி ஆன்ட்டி என் அம்மாவுக்குப் போன் செய்திருந்தார். எனக்குச் சம்மதம்தான், அவள்தான் பிடிகொடுக்க மாட்டேன் என்கிறாள் என்று சொன்னாராம். கேட்டதும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஊர் உலகத்தில் எல்லாப் பெண்களும் அம்மா விடவில்லை என்பார்கள். இந்த மகாராணிக்கு அம்மா சரியென்றும் பிகு! இவள் ஒருத்தியால் ஐந்து பேர் இத்தனை வருடம் கட்டிக் காத்தது போகப்போகிறதா?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாமல், எங்கே இருக்கிறாய் என்று மெசேஜ் அனுப்பினேன். பார்க்கிங் கராஜில், இரண்டாவது மாடியில், ஏன் என்று பதில் வந்தது. நான் பதில் போடவில்லை, கிளம்பினேன். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நறுக்கென்று நாலு வார்த்தை. விருப்பமில்லை என்றால் இல்லையென்று சொல்லித் தொலை, ஏன் இப்படி இழுத்தடிக்கிறாய்?

அவள் காரில் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் இறக்கியிருந்தது. போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்து சீட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா. மூடி திறக்கப்படவில்லை.

ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. டேபிளில் அவள் கேட்ட ஒரே கேள்வி அப்போதுதான் எனக்குக் காதில் விழுந்தது என்று சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து, டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"திற," என்றேன் தமிழில்.

"ஐ'ம் நாட் ஹங்க்ரி."

இந்த வசனத்தை எனக்கா சொல்கிறாய் என்று தோன்றியது. "எனக்குப் பசிக்குது. திற."

புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. ஒரே ஸ்பூன். அவளுக்கு ஸ்பூனைக் கொடுத்துவிட்டு நான் மூடியில் போட்டுக்கொண்டு கையால் சாப்பிட்டேன். ஐந்து மணியைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. பெருந்தன்மை எல்லாம் ஒன்றுமில்லை, புளிசாதம் அவ்வளவு நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் பொறுத்து அவளும் ஒரு வாய் எடுத்தாள்.

"உங்க அம்மா அன்னிக்குச் சொன்னது நிஜமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். தமிழ் முழுக்கப் புரிந்திருக்கிறது.

"நிஜம்தான்."

"அவங்களுக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அன்னிக்குத்தான் தெரியும்."

அவள் எதிரே இருந்த சிமென்ட் சுவரையே பார்த்தாள். "என் அம்மாவுக்குத் தெரியாது. நான் தினமும் ஃப்ரெண்ட்ஸோட சாப்பிடறேன்னு சொல்லியிருக்கேன்."

"உங்க அம்மாவுக்குத் தெரியும்."

"எப்படி?"

"கூட்டத்துக்கு எதுக்கு வந்தாங்கன்னு நினைக்கிற? இட்லிக்கா?"

ஸ்பூன் பாதியில் நின்றது. கண் கலங்கியது, ஆனால் அவளும் என் ஜாதிதான், சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் உருளைக்கிழங்கை அவள் பக்கம் தள்ளிவைத்தேன். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து டப்பாவைக் காலி செய்தோம். முடித்துவிட்டுக் கை துடைக்கத் துணி தேடும்போது அவள் கேட்டாள், "மத்தியானம் நீங்க எல்லாரும் எங்கே உட்காருவீங்க?"

"யூனியன்ல, ஜன்னல் ஓரம். திங்கக்கிழமை வா. சேர்ந்தாலும் வா, சேராட்டியும் வா."

நான்கு மணி சுமாருக்கு பிரசிடென்ட் போனில் கத்திய கத்தலில் என் காது அடைத்துவிட்டது. நான்காவது சம்மதம் வந்துவிட்டது. சாப்டர் பிழைத்தது. தலைமை அலுவலக அம்மணி அதே பற்களோடு வீடியோவில் வந்து, உங்களால் முடியுமென்று எனக்குத் தெரியும் என்றார். அந்தச் சிரிப்பு அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது.

நான் இப்போது ரவுண்ட் ராக் என்கிற ஊரில் வேலை செய்கிறேன். சாப்டர் இன்னும் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் அறிமுகக் கூட்டத்துக்கு அம்மாக்களையும் அழைக்கிறார்களாம். அதற்கென்று ஒரு ஸ்லைடுகூடப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்வி. பயாலஜிப் பெண் பிறகு பிரசிடென்ட் ஆனாள். என்னைவிட வாயாடி.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் வீட்டுக்குப் போனபோது அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தாள். கண்ணாடி ஆன்ட்டி ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எவர்சில்வர் டப்பா ஒன்று, அடி தெரிய, வழித்துத் துடைத்தாற்போலக் காலியாக.

"பாரு கண்ணு," என்றாள் அம்மா. போனை என் பக்கம் நீட்டினாள்.

அதில் பாதியைத் தின்றது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தேடிப் பதில் அடித்தாள். தோளுக்குமேல் எட்டிப் பார்த்தேன்.

"திங்கக்கிழமை கொஞ்சம் சேத்துக் கட்டுங்க."